சாவிய எடுத்த பிறகும் கார் ஆம்ப் ஓடணுமா? ஒயரிங் இப்படி பண்ணுங்க

ஆடி 18க்கு வருஷா வருஷம் பவானி கூடுதுறைக்கு போவோம், ஆத்துல கும்பிட்டு முடிச்சுட்டு கொஞ்சம் தள்ளி மர நிழல்ல ஜமக்காளத்த விரிச்சு புளிசாதம் தேங்கா சாதம்னு தூக்க திறக்கும்போது டிக்கிய தூக்கி விட்டு பாட்டு போடறது எங்க வீட்டு வழக்கம். இதுல தொல்லையே சாவிதான். சாவிய ஏசிசி-ல, அதாவது இன்ஜின் ஓடாம செட்டு மாதிரி சாமான் மட்டும் ஓடற நிலைல, திருப்பி வண்டியிலயே விட்டா பாட்டு ஓடும், ஆனா அந்த கூட்டத்துல சாவியோட வண்டிய விட்டுட்டு நிம்மதியா சாப்பிட முடியாது. சாவிய உருவி பாக்கெட்ல போட்டா பாட்டு நின்னுடும், உடனே பெரியம்மா "ஏன்டா நிறுத்தின"ம்பாங்க.

சரின்னு ஒரு அக்சசரீஸ் கடையில கொண்டுபோய் விட்டேன், ஸ்பீக்கருக்கு சத்தத்த ஏத்தி குடுக்கற ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப், சாவி இல்லாமயும் ஓடணும்ணேன்னு சொன்னேன், பத்து நிமிஷத்துல முடிச்சு குடுத்துட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வண்டிய நிறுத்தினேன், டேஷ்போர்டுல இருக்கிற பாட்டு செட்டையும் பட்டன்ல ஆஃப் பண்ணிட்டுதான் இறங்கினேன். திங்கக்கிழமை முகூர்த்தத்துக்கு விடியக்காலை நாலரைக்கு எல்லாரும் பட்டுப்புடவைய கட்டிக்கிட்டு ஏறி உக்காந்தாச்சு, சாவிய திருப்பறேன், செல்ஃப் எடுக்கல, டிக் டிக் டிக்னு ரிலே சத்தம் மட்டும். பக்கத்து வீட்டு டாட்டா ஏஸ்ல இருந்து ஜம்பர் கேபிள் போட்டுத்தான் கிளம்பினோம். அப்புறம் டிக்கிய திறந்து பாத்தா ஆம்ப்ல பி பிளஸ்னு போட்டிருக்கிற டெர்மினல்ல இருந்து ரெம்னு போட்டிருக்கிற டெர்மினலுக்கு விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயரு, அவ்ளோதான் அவங்க பண்ண வேலை. ஆம்ப் ரெண்டு ராத்திரியும் ஒரு பகலும் முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நிறைய கடையில இப்படித்தான் பண்றாங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல ஆம்ப் எப்படி ஆன் ஆகுதுன்னு பாத்துடலாம், இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஆம்ப்ல கரண்ட் சம்பந்தமா மூணே மூணு இடம்தான். ஒண்ணு பி பிளஸ், பேட்டரில இருந்து பெரிய ஒயர்ல நேரா வர்றது, இதுல 24 மணி நேரமும் 12 வோல்ட் நிக்கும், சாவிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது எர்த், பாடில போல்ட் போட்டு முடுக்கினது. மூணாவது ரெம், ஒல்லியா ஒரு நீல ஒயர். இதுல 12 வோல்ட் வந்தா ஆம்ப் எந்திரிக்கும், போச்சுன்னா படுத்துக்கும். அதாவது ஆம்புக்கு சாப்பாடு ஏற்கனவே எப்பவும் இலையில இருக்கு, சாப்பிடுன்னு சொல்றது மட்டும்தான் அந்த ஒல்லி ஒயரோட வேலை. அதனால சாவி எடுத்த பிறகு ஆம்ப் ஓடணும்னா பெரிய ஒயர்ல கை வைக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த ஒல்லி ஒயருக்கு யாரு ஆன் சொல்றது, அதைவிட முக்கியமா யாரு ஆஃப் சொல்றது, இது மட்டும்தான் நாம முடிவு பண்ணனும். கடைல ஆன் சொல்ல ஏற்பாடு பண்ணாங்க, ஆஃப் சொல்ல ஆளே வைக்கல.

இன்னொரு விஷயம், ஆம்ப மட்டும் முழிக்க வெச்சா பாட்டு வராது, பாட்ட குடுக்கறது செட்டு. செட்டு செத்துக்கிடந்தா ஆம்ப் சும்மா சூடாகிட்டு உக்காந்திருக்கும். வெளில வாங்கி போடற செட்டுல பின்னாடி வர்ற கொத்துல கலர் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒண்ணுதான். மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், கறுப்பு எர்த், சிவப்பு ஏசிசி, நீலத்துல வெள்ளைக்கோடு போட்டது ஆம்புக்கு போற ரிமோட். வெறும் நீலம்னு தனியா ஒண்ணு இருக்கும், அது பவர் ஆண்டெனாவுக்கு, சில செட்டுல ரேடியோவ விட்டு யூஎஸ்பிக்கு மாத்தினா அது ஆஃப் ஆகிடும், ஆம்ப அதுல கட்டிட்டு ரேடியோல மட்டும்தான் ஊஃபர் அடிக்குதுன்னு புலம்பறவங்க இருக்காங்க. செட்டோட சிவப்பு ஒயருக்கு 12 வோல்ட் வந்தா செட்டு ஆன், செட்டு ஆன் ஆனா நீலம் வெள்ளை வழியா ஆம்ப தானா எழுப்பிடும். அதனால நாம பிடிக்க வேண்டிய இடம் ஆம்ப் கிட்ட இல்ல, டேஷ்போர்டுக்குள்ள செட்டோட சிவப்பு ஒயர்தான். இங்க பண்ணா செட்டும் ஆம்பும் ஒண்ணா எந்திரிச்சு ஒண்ணா படுக்கும், டப்புன்னு ஸ்பீக்கர் அடிக்கிற சத்தமும் பெருசா இருக்காது.

அப்போ சிவப்பையும் மஞ்சளையும் சேத்து முறுக்கிட்டா போச்சேன்னு தோணும். கண்டிப்பா பண்ணாதீங்க. வண்டில இருந்து வர்ற ஏசிசி ஒயர கழட்டாம அப்படியே முறுக்கினா பேட்டரி கரண்ட் திரும்பி வண்டியோட ஏசிசி லைனுக்குள்ள பாயும், சாவி இல்லாமயே சிகரெட் லைட்டர் சாக்கெட், சைடு மிரர் மோட்டார்னு அந்த லைன்ல இருக்கிறதெல்லாம் உயிரோட வரும், அந்த பாரத்த செட்டோட மஞ்சள் ஒயர் தாங்க முடியாம ஃப்யூஸ் போகும். கழட்டிட்டு முறுக்கினா இது வராது, ஆனா செட்டு எப்பவும் ஆன், நீங்க ஒவ்வொரு தடவையும் ஞாபகமா பட்டன்ல ஆஃப் பண்ணனும், ஒரு நாள் மறந்தா மறுநாள் தள்ளணும்.

சரி பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்? என்னோடது பெட்ரோல் ஸ்விஃப்ட், 35 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி. கிளாம்ப் மீட்டர் போட்டு பாத்தேன், செட்டும் நாலு சேனல் ஆம்பும் சேந்து பாட்டே இல்லாம சும்மா ஆன்ல இருந்தா 2 ஆம்பியர் கிட்ட, நாலு பேர் பேசிக்கிட்டே கேக்கற அளவு சத்தத்துல சராசரியா 6, பேஸ் அடிக்கும்போது 10க்கு மேல குதிக்குது. 35 ஏஎச்ல முழுசையும் குடிச்சுட கூடாது, செல்ஃப் அடிக்க மிச்சம் வேணும், அதோட கார் பேட்டரி ஒரே மூச்சுல நிறைய கரண்ட் குடுக்கறதுக்கு செஞ்சது, இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி அடி வரைக்கும் வடிச்சு வடிச்சு ஏத்தறதுக்கு இல்ல. அடிக்கடி வடிச்சா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு ஆயுசே குறையும். நான் மூணுல ஒரு பங்குக்கு மேல தொட மாட்டேன், அதாவது 12 ஏஎச் போல, 6 ஆம்பியர்னா ரெண்டு மணி நேரம். பேட்டரி பழசா இருந்தா அதுல பாதின்னு வெச்சுக்கோங்க. ஊஃபருக்கு தனி மோனோ ஆம்ப் வெச்சு அதிர விடறவங்களுக்கு இந்த கணக்கு செல்லாது, உங்க வண்டில மீட்டர் போட்டு பாத்துத்தான் ஆகணும்.

இப்ப ஒயரிங். ரெண்டு வழி சொல்றேன், முதல் வழி எளிசு, ரெண்டாவது வழிதான் நான் போட்டிருக்கிறது.

எந்த வேலைக்கும் முன்னாடி பேட்டரியோட மைனஸ் டெர்மினல கழட்டுங்க. டேஷ்போர்டுக்குள்ள மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயர், மஞ்சள் கப்ளர் கண்ணுல பட்டா அது பெரும்பாலும் ஏர்பேக் லைன், அதுகிட்டயே போகாதீங்க, டெஸ்டர் கூட வைக்காதீங்க. வாரண்டில இருக்கிற வண்டின்னா கம்பெனி ஒயர வெட்டாம, உங்க வண்டிக்குன்னு கிடைக்கிற கப்ளர் வாங்கி அதுல வேலை பாருங்க, சென்னைல ஜி.பி. ரோட்ல கேட்டா கிடைக்கும். கப்ளர் போட்டா நாளைக்கு வேண்டாம்னு தோணினா உருவி எடுத்துடலாம்.

முதல் வழி மூணு நிலை ராக்கர் சுவிட்ச், ஆன் ஆஃப் ஆன்னு கேட்டு வாங்கணும், பின்னாடி மூணு கால் இருக்கும். நடு கால்ல செட்டுக்கு போற சிவப்பு. ஒரு ஓரத்து கால்ல வண்டில இருந்து வர்ற ஏசிசி. இன்னொரு ஓரத்து கால்ல மஞ்சள்ல இருந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியா எடுத்த 12 வோல்ட். மேல தட்டினா சாவியோட ஓடும், கீழ தட்டினா சாவி இல்லாம ஓடும், நடுவுல வெச்சா எதுவும் இல்ல. ஏசிசியும் பேட்டரியும் எந்த நிலையிலயும் ஒண்ணா சேராது, அதனால கரண்ட் திரும்பி பாயுற பயம் இல்ல. செலவும் கம்மி. ஆனா கீழ தட்டினத மேல தட்ட மறந்தா அதே கதைதான், அதனால மறக்கவே மாட்டேன்னு நம்பிக்கை இருக்கிறவங்க மட்டும் இதோட நிறுத்திக்கலாம். சுவிட்ச் பக்கத்துல ஒரு சின்ன சிவப்பு எல்இடி, கீழ் நிலையில மட்டும் எரியற மாதிரி போட்டா ராத்திரில கண்ணுல படும்.

ரெண்டாவது வழி டைமர். 12 வோல்ட் டைமர் ரிலே போர்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்குது, பட்டன் அழுத்தினா ரிலே ஆன், நாம வெச்ச நேரம் முடிஞ்சதும் தானா ஆஃப், இந்த மோடு இருக்கான்னு கேட்டு வாங்குங்க, ஒரு மணி நேரம் வரைக்கும் செட் பண்ண முடியணும், சிலது பத்து நிமிஷத்தோட நின்னுடும். சாவி எடுத்ததும் தானா ஓட ஆரம்பிக்கிற மாதிரியும் கட்டலாம், ஆனா பெட்ரோல் பங்க்லயும் மளிகை கடை வாசல்லயும் இறங்கறப்பல்லாம் வண்டி பாடிக்கிட்டே நிக்கும், பட்டன்தான் நல்லது. வேணும்ங்கறப்ப அழுத்தறோம், ஒரு மணி நேரம் ஓடுது, படுக்குது, இன்னும் வேணும்னா எந்திரிச்சு போய் இன்னொரு தடவ அழுத்தறோம்.

கட்டற முறை இதுதான். மஞ்சள் ஒயர்ல இருந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ், அதுல இருந்து டைமர் போர்டோட பிளஸ்ஸுக்கு ஒண்ணு, ரிலேல காம்னு போட்டிருக்கிற டெர்மினலுக்கு ஒண்ணு. இந்த ரெண்டாவது ஒயர்லதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, போர்டுக்கு 12 வோல்ட் குடுத்துட்டா ரிலேல தானா 12 வோல்ட் வரும்னு நெனச்சுக்கறாங்க, வராது, ரிலே வெறும் சுவிட்ச்தான், அதுக்கு உள்ள நாமதான் குடுக்கணும். என்ஓ டெர்மினல்ல (ரிலே ஆன் ஆனா மட்டும் காமோட சேர்ற கால்) இருந்து வெளில வந்து ஒரு டையோடு வழியா செட்டோட சிவப்புக்கு. வண்டியோட ஏசிசி ஒயரும் நேரா போகக்கூடாது, அதுவும் இன்னொரு டையோடு வழியாத்தான் அதே சிவப்புக்கு போகணும். 1என்5408 வாங்குங்க, 3 ஆம்பியர் தாங்கும், கறுப்பு உடம்புல ஒரு ஓரமா வெள்ளிக்கோடு இருக்கும், ரெண்டு டையோட்லயும் அந்த கோடு செட்ட பாத்து இருக்கணும். டையோடு ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி, டைமர் கரண்ட் ஏசிசிக்குள்ள போகாது, ஏசிசி கரண்ட் டைமருக்குள்ள போகாது. 0.7 வோல்ட் போல அதுல குறையும், சிவப்பு ஒயர் ஆன் ஆகுன்னு சொல்றதுக்குத்தான், செட்டு சாப்பிடறது மஞ்சள்ல இருந்துங்கறதால ஒண்ணும் ஆகாது. உங்க செட்டுல சிவப்புலயும் நிறைய கரண்ட் போகுதான்னு ஒரு தடவ மல்டிமீட்டர் போட்டு பாத்துக்கோங்க, 1 ஆம்பியருக்கு கீழ இருந்தா நிம்மதி.

ஒரு மணி நேரத்த திரும்ப திரும்ப அழுத்தினா பேட்டரி காலியாகுமேன்னு கேட்டா, ஆமா ஆகும். அதுக்குத்தான் ஃப்யூஸுக்கும் டைமருக்கும் நடுவுல ஒரு லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் போர்டு. என்னோடதுல 12.1ல கட் ஆகற மாதிரி வெச்சிருக்கேன். இன்ஜின் ஓடாம நிக்கிற நல்ல பேட்டரி 12.6 காட்டும், 12.2 வந்தா கிட்டத்தட்ட பாதி தீந்துடுச்சுன்னு அர்த்தம், பாட்டு ஓடும்போது பாரத்துல இன்னும் கொஞ்சம் இறக்கி காட்டும், அதனால 12.1ல நின்னுச்சுன்னா செல்ஃப் அடிக்க தாராளமா மிச்சம் இருக்கும். இந்த போர்ட ஆம்போட பெரிய ஒயர்ல போடணும்னா பெரிய ரிலே, பெரிய காசு. நாம ஒல்லி லைன்ல போடறதால சின்ன போர்டே போதும். போர்டுகள் சும்மா இருக்கிறப்பவும் கொஞ்சம் மில்லி ஆம்பியர் குடிக்கும், வாங்கினதும் மேஜைல வெச்சு அளந்து பாருங்க, கொறைச்சலா குடிக்கிறதா பாத்து போடுங்க.

ஜாயிண்ட எல்லாம் சால்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தறது வேண்டாம், சித்திர வெயில்ல நிக்கிற வண்டில டேஷ்போர்டுக்குள்ள அந்த டேப்போட பசை உருகி வழிஞ்சு ஒயர் அம்மணமா நிக்கிறத நானே பிரிச்சு பாத்திருக்கேன்.

வண்டில இருந்து வர்ற ஒயர்ல எது ஏசிசின்னு தெரியலைன்னா கலர நம்பாதீங்க, மீட்டர நம்புங்க. மைனஸ் டெர்மினல திரும்ப மாட்டி, சாவி இல்லாம 0 காட்டணும், ஏசிசி-ல 12, ஆன்லயும் 12, செல்ஃப் அடிக்கிற அந்த ஒரு நொடி மட்டும் திரும்ப 0க்கு போயி வரணும். செல்ஃப் அடிக்கும்போதும் விழாம நின்னா அது இக்னிஷன் ஒயர், அத விட்டுடுங்க. எந்த ஒயர்லயும் இப்படி வரலைன்னா உங்க வண்டில ஏசிசிங்கறது ஒயர்ல வராம டேட்டாவா கேன் லைன்ல (வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் போர்டுகள் பேசிக்கிற ஒயர்) வரலாம், கம்பெனி ஸ்க்ரீனோட வர்ற புது வண்டிகள்ல இது சகஜம். அப்படிப்பட்ட வண்டில ஸ்க்ரீன் பக்கம் போகவே வேண்டாம். ஒரு சின்ன புளூடூத் ரிசீவர் போர்டு வாங்கி, டைமர் லைன்லயே அதுக்கு 12 வோல்ட் குடுத்து, அதே லைன டையோடு வழியா ஆம்போட ரெம்முக்கும் குடுத்துட்டா போன்ல இருந்து நேரா ஆம்புக்கு பாட்டு போகும். ஏற்கனவே ரெம்முக்கு வர்ற ஒயர் இருந்தா அதுக்கும் இன்னொரு டையோடு. ஆம்புக்கு பாட்ட கொண்டு போற ஆர்சிஏ ஒயர்ல மட்டும் ஒய் கேபிள் போட்டு ரெண்டு அவுட்புட்ட ஒண்ணா சேக்காதீங்க, ஒண்ண ஒண்ணு இழுக்கும், சின்ன செலக்டர் சுவிட்ச் போட்டு மாத்திக்கோங்க.

ரெண்டு மூணு ஆம்ப் இருந்தா செட்டோட நீலம் வெள்ளைல எல்லாத்தையும் தொங்க விடாதீங்க, அது ரொம்ப கம்மி கரண்ட்தான் குடுக்கும், உள்ள இருக்கிற ட்ரான்சிஸ்டர் போயிடும். ஒரு நாலு கால் ரிலே போடுங்க, 86ல நீலம் வெள்ளை, 85 எர்த், 30ல ஃப்யூஸ் போட்ட 12 வோல்ட், 87ல இருந்து எல்லா ஆம்போட ரெம்முக்கும். 85, 86 குறுக்கே ஒரு 1என்4007, வெள்ளிக்கோடு 86 பக்கம்.

இவ்ளோ நேரம் பெரிய ஒயர தொட வேண்டாம்னு சொன்னேன், ஆனா ஒரு தடவ கண்ணால பாத்துடுங்க, ஏன்னா இனிமே வண்டில ஆளே இல்லாதப்பவும் அதுல கரண்ட் ஓடப்போகுது. பேட்டரில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள மெயின் ஃப்யூஸ் இருக்கணும். ஃப்யூஸ் ஆம்ப காப்பாத்த இல்ல, ஒயர காப்பாத்த. இன்ஜின் பக்கம் இருந்து உள்ள வர்ற ஓட்டைல ரப்பர் க்ரோமெட் இல்லாம தகடு ஒயர அறுத்துச்சுன்னா, ஃப்யூஸ் ஆம்ப் கிட்ட டிக்கில இருந்து என்ன பிரயோஜனம், பேட்டரில இருந்து அந்த ஓட்டை வரைக்கும் தீயா பத்தும். நல்ல செம்பு 8 கேஜுக்கு 40, 50 ஆம்பியர் போடலாம், ஆனா கடைல மலிவா கிடைக்கிற கிட்டுல பாதிக்கு மேல அலுமினியத்துல செம்பு பூசினது, லேசா சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும், அதுக்கு ஒரு படி கம்மி ஃப்யூஸ்தான். எர்த் அடிக்கிற இடத்துல பெயிண்ட உப்புத்தாள் போட்டு தகடு பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சிருக்கணும், சீட் பெல்ட் போல்ட்ல எர்த் அடிச்சிருந்தா உடனே மாத்துங்க, அது உயிர காப்பாத்தற போல்ட்.

எல்லாம் மாட்டினதும் சோதனை. சாவிய எடுத்துட்டு பட்டன அழுத்துங்க, செட்டும் ஆம்பும் வரணும். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல போன் சார்ஜர் சொருகி பாருங்க, சாவி எடுத்தா செத்துப்போற சாக்கெட்டா இருந்து இப்ப சார்ஜர்ல லைட் எரிஞ்சா ஒரு டையோடு தலைகீழா இருக்கு. டைமர ஒரு நிமிஷத்துக்கு வெச்சு தானா நிக்குதான்னு பாருங்க, நின்னதும் ஆம்ப்ல எரியற லைட்டும் அணையணும், செட்டு அணைஞ்சு ஆம்ப் லைட் மட்டும் எரிஞ்சா எங்கயோ பழைய ஜம்பர் ஒயர் இருக்கு, என் வண்டில இருந்த மாதிரி.

அப்புறம் முக்கியமா, பாட்டு ஓடுதேன்னு குழந்தைங்கள மூடின வண்டிக்குள்ள விட்டுட்டு போகாதீங்க, இன்ஜின் இல்லன்னா ஏசியும் இல்ல, நம்ம ஊரு வெயில்ல சில நிமிஷத்துலயே உள்ள கொதிச்சுடும். பேட்டரி இறங்கிடுச்சு கொஞ்சம் இன்ஜின ஓட விடலாம்னா ஷெட்டுக்குள்ள வெச்சு ஓட விடாதீங்க, வண்டிய வெளில எடுங்க.

கடைசியா ராத்திரி வண்டிய நிறுத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சு பேட்டரி வோல்ட்டேஜ் எழுதி வைங்க, நிறுத்தின உடனே பாத்தா ஏத்தி காட்டும். காலைல தொடாம திரும்ப பாருங்க. 12.6 இருந்தது 12.5 ஆனா பரவால்ல. 12.3க்கு கீழ போயிருந்தா எதுவோ முழிச்சுக்கிட்டு இருக்கு, மைனஸ் டெர்மினல்ல மல்டிமீட்டர 10 ஆம்பியர் சாக்கெட்ல வெச்சு தொடரா மாட்டி, கதவு எல்லாம் மூடி இருபது நிமிஷம் விட்டு பாருங்க, 50 மில்லி ஆம்பியருக்கு மேல காட்டினா புதுசா போட்ட 3 ஆம்பியர் ஃப்யூஸ முதல்ல உருவுங்க, இறங்கினா நம்ம வேலைதான், இறங்கலைன்னா ஆம்போட மெயின் ஃப்யூஸ். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் மறந்தும் செல்ஃப் அடிக்காதீங்க, மீட்டர் போயிடும். அந்த 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஹோல்டர் மேல "பாட்டு டைமர்"னு எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க, நாளைக்கு வண்டில கை வைக்கிற எலக்ட்ரீஷியனுக்கு இது என்னன்னு தெரியணும்.